ஒரு வெள்ளி கொடுத்தவர்களின் பங்கு

விரிவுரையாளர் ஒருவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனதாக நாளிதழில் படம் வந்தால், கெடாவின் திகாம் பத்து காப்பிக் கடையில் முதலில் எழும் கேள்வி, செலவு யாருடையது என்பதுதான். கேட்பதில் தவறில்லை. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் வாழும் வட்டாரம் இது. பல்கலைக்கழகம் வரிப்பணத்தில் நடந்தாலும் சரி, மாணவர் கட்டணத்தில் நடந்தாலும் சரி, அந்தப் பணத்தில் இவர்களின் வியர்வையும் இருக்கிறது. ஆனால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. போனவர் எதற்காகப் போனார், அதனால் இங்கே படிக்கும் பிள்ளைக்கு என்ன வந்து சேர்ந்தது, வந்து சேரவில்லை என்றால் நடுவில் தடுத்தது எது என்று மேலும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. அவற்றைக் கேட்கப் போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் நாமும் வந்து நிற்போம்.

இந்த நாட்டில் தமிழுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்ததே பொதுமக்கள் தலையிட்டதால்தான். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்க ஆலோசனை சொல்லும்படி வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அழைக்கப்பட்டார். அவருடைய பரிந்துரை சமஸ்கிருதத்தை முன்னிறுத்தியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் அதற்கு ஒப்பவில்லை. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் நாளிதழில் வாதாடியதோடு நிற்காமல், பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைக்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் வைத்த வேண்டுகோள். அந்தக் காலத்து ஒரு வெள்ளி சிறிய தொகை இல்லை. கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதிக்கப் போவதில்லை என்று தெரிந்தே கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அதன் நடுவில் நின்றது. 1959-இல் துறை கோலாலம்பூருக்கு வந்தது.

1961-இல் அந்தத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்க யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த ஒருவர் வந்தார். சேவியர் தனிநாயகம் அடிகள். ரோமாபுரியில் குருத்துவக் கல்வி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ், இலண்டனில் கல்வியியல் ஆய்வு என்று பல ஊர்களில் படித்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர். 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவர். பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏன் எல்லை கடந்து கல்விப் பணியில் இறங்குகிறார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே பதில் தேட வேண்டுமானால் இவருடைய எட்டு ஆண்டுக் கோலாலம்பூர் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். 1679-இல் கேரளத்தில் அச்சான தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி அது. தொகுத்தவர் அந்தாம் தெ புரொயென்சா என்ற இயேசு சபைத் துறவி. 17-ஆம் நூற்றாண்டில் மக்கள் வாயில் புழங்கிய தமிழ்ச் சொற்கள் அதில் இருக்கின்றன. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. கோலாலம்பூர் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த மாணவருக்கு அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும். தனிநாயகம் அடிகள் அதைத் தேடி எடுத்து, படப்பிரதியாக 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்தே வெளியிட்டார். ஐரோப்பிய நூலகத்தில் தூங்கிய தமிழ் நூல், ஒரு வெள்ளி கொடுத்தவர்களின் நாட்டுத் தலைநகரிலிருந்து உலக ஆய்வாளர்களின் கைக்குப் போனது. ஒரு பேராசிரியர் தம் மேசையை விட்டு எழுந்து போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நூலகங்களுக்குக் கடிதம் எழுதினால் போதாது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று அறிந்தவர்களுடன் பழக வேண்டும்; அவர்கள் நம்பும்படி நடந்துகொள்ள வேண்டும். கல்வியுறவு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கைதான்.

1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியலாளர்களின் 26-ஆவது அனைத்துலக மாநாடு நடந்தது. அங்கே கூடிய தமிழாய்வாளர்களை ஒன்றுசேர்த்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கியதில் அடிகளாருக்கும் வ.அய். சுப்பிரமணியத்துக்கும் பெரும் பங்கு உண்டு. பிரெஞ்சுப் பேராசிரியர் ழான் ஃபிலியோசா தலைவரானார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் அடிகளாரோடு செயலாளர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். அடுத்து 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம் என்று அது நகர்ந்தது. முதல் கூட்டம் நம் நாட்டில் நடந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால் இருந்த வேலையை யாரும் பேசுவதில்லை. கட்டுரை வரவழைப்பது, படித்துப் பார்த்து ஏற்பது அல்லது மறுப்பது, பயணத்துக்கு நிதி தேடுவது, வந்தவர்களுக்குத் தங்க இடம் பார்ப்பது, பிறகு எல்லாக் கட்டுரைகளையும் திருத்தி இரண்டு பெரும் தொகுதிகளாக அச்சேற்றுவது. வகுப்பும் தேர்வுத்தாளும் குறையாமல் இருக்கும்போதே இவை அத்தனையும் நடந்தன. அடிகளாரின் பெயர் நிலைத்ததற்கு மேடைப் பேச்சைவிட இந்த உழைப்பே காரணம் என்பது எங்கள் கருத்து.

எதற்கு இந்தப் பாடு? தமிழை நாம் மட்டும் புகழ்ந்தால் அது பாசம். அதைப் படிக்கத் தேவையில்லாத ஒருவர் படித்து, சோதித்து, எங்கே சரி எங்கே தவறு என்று சொன்னால் அது அறிவுத்துறையாகிறது. துறையானால்தான் பல்கலைக்கழகங்கள் இருக்கை வைக்கும், நூலகம் புத்தகம் வாங்கும், நம் மாணவர் எழுதும் ஆய்வேட்டை வேறு நாட்டில் ஒருவர் திறந்து பார்ப்பார். பின்னாளில் அதே துறையில் இருந்த பேராசிரியர் ச. சிங்காரவேலு இராமன் கதை தமிழிலும் மலாயிலும் தாய்லாந்திலும் எப்படி உருமாறியது என்று ஒப்பிட்டு ஆராய முடிந்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான். தமிழகத்திலிருந்து வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம், இங்குள்ள எழுத்தாளர்களின் கதைகளையும் நாவல்களையும் ஆய்வுக்குரியவையாக எடுத்துக்கொண்டார். தோட்டத்து வாழ்க்கையை எழுதியவனுக்கு, வெளியிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் தன் எழுத்தை வகுப்பில் வைத்துப் பேசுகிறார் என்பது எவ்வளவு பெரிய உரம்! கெடாவிலிருந்து இத்தனை நாவலாசிரியர்கள் எழுந்து வந்திருப்பதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கவனிப்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இது மொழிக்கு மட்டும் உரிய கதை என்று நினைத்துவிடக் கூடாது.

எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இங்க படிச்ச பட்டம் வெளியில செல்லுமாங்க ஐயா?” திகாம் பத்துவிலிருந்து காரில் புறப்பட்டால் சுங்கை பட்டாணியைத் தாண்டி பீடோங், செமிலிங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். மலேசிய இந்தியர் காங்கிரஸின் (மஇகா) கல்விக் கரமாக 1984-இல் அமைந்த எம்ஐஇடி தொடங்கிய கல்விக்கூடம். 2001-இல் சுங்கை பட்டாணியில் முதல் வகுப்புகள் நடந்தன. ஒரு காலத்தில் மருத்துவம் படிக்க மணிப்பாலுக்கோ பெங்களூருக்கோ பிள்ளையை அனுப்பிவிட்டு நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. இன்று வீட்டுக்கு அருகிலேயே மருத்துவம் படிக்கலாம். ஆனால் பெற்றோரின் கேள்வி அப்படியே நிற்கிறது: செல்லுமா?

அந்தப் பட்டம் எப்படிச் செல்லுபடியாகிறது என்பதை ஒரு தேர்வறையில் பார்க்கலாம். மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் மாணவரை ஒரு நோயாளியிடம் விடுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கால் வீங்கி மூச்சு வாங்கும் ஒரு பாட்டியாக இருக்கலாம், நாற்பது ஆண்டு மரம் சீவியவர். மாணவி அவரிடம் தமிழில் பேசி, மலாயில் எழுதிய பழைய சீட்டுகளைப் பார்த்து, நாடி பிடித்து, நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டு, தன் மனத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பிறகு தேர்வாளர்கள் உள்ளே வருவார்கள். ஒருவர் அவளுக்குப் பாடம் நடத்தியவர். மற்றவர் வெளித்தேர்வாளர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்தவர். அவளை அவருக்குத் தெரியாது, அவள் அப்பா யாரென்றும் தெரியாது. “ஏன் இதயம் என்று நினைத்தாய்? சிறுநீரகமாக ஏன் இருக்கக் கூடாது?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு அவள் பதில் சொல்லித் தேறினால்தான் அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பு. சொந்த ஆசிரியர் மட்டும் போட்ட மதிப்பெண்ணை உலகம் நம்பாது, நம்பவும் தேவையில்லை.

அந்த வெளித்தேர்வாளர் சும்மா வந்துவிடுவதில்லை. தம் ஊரில் வகுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, தேர்வுத்தாள்களை முன்கூட்டியே படித்து, குறை இருந்தால் எழுதி, தேர்வு முடிந்ததும் அறிக்கை கொடுத்துவிட்டுப் போகிறார். இங்குள்ள விரிவுரையாளரும் இன்னோர் ஊருக்கு அதே வேலைக்குப் போகிறார். படத்தில் மாலையும் பூச்செண்டும் தெரிகின்றன. அறிக்கை தெரிவதில்லை. நோயாளிப் படுக்கையருகே நடக்கும் கற்பித்தலிலும் இப்படிக் கண்ணில் படாத உழைப்பு உண்டு. இந்தியாவிலிருந்து வந்து இங்கே பாடம் நடத்தும் மருத்துவர், இருமலைப் ‘பத்தோக்’ என்று சொல்லும் மலாய் முதியவரோடும் பேசிப் பழக வேண்டியிருக்கிறது. அவர் கற்றுக்கொடுக்க வந்த இடத்தில் தாமும் கற்கிறார். அவரிடம் படித்தவர் நாளை எந்த நாட்டு மருத்துவமனையில் நின்றாலும் அந்த இரு வழிப் பழக்கம் கைகொடுக்கும்.

பொறியியலில் இதே வேலை வேறு வடிவம் எடுக்கிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு விடிகாலையில் தொழிற்சாலை வேன்கள் ஓடுகின்றன. அவற்றில் போகிறவர்களின் பிள்ளைகள் பொறியாளராக வேண்டும் என்பது இன்றைய ஆசை. 2009-இல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பு நாடானது. இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகளும் தம் பட்டத்துக்கு ஈடான கல்வித்தகுதியாக ஏற்க அது வழி செய்தது. அங்கீகார அமைப்புகள் கையெழுத்திட்டால் மட்டும் ஒப்பந்தம் உயிர் வாழாது. பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது, மாணவரின் திட்டப்பணிகளைப் புரட்டுவது, ஆய்வுக்கூடத்தில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் வேலை நடக்கிறது என்று கேட்பது எல்லாம் பேராசிரியர்களும் அனுபவப்பட்ட பொறியாளர்களும் செய்கிற வேலை. மாணவப் பரிமாற்றமும் அப்படித்தான். ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் மாணவருக்கு இங்கே அந்த மதிப்பலகுகள் கிடைக்க வேண்டுமென்றால், இரு நாட்டு விரிவுரையாளர்கள் வாரம் வாரமாகப் பாடத்தை ஒப்பிட்டிருக்க வேண்டும். எங்கோ ஓர் ஆய்வுக்கூடப் பாடம் குறைந்து போனால் பிள்ளைக்கு அரை ஆண்டு போய்விடும். அந்த அரை ஆண்டுக் கட்டணம் யார் வீட்டிலிருந்து போகும் என்று நமக்குத் தெரியும்.

நம் காலடி மண்ணுக்கே வருவோம். பூஜாங் பள்ளத்தாக்கு நமக்கு அண்டை வீடு. 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஆங்கிலேயர் அலெஸ்டர் லேம்ப், 1959-60-இல் புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கற்களை அடுக்கி மறுபடி எழுப்பினார். அடித்தளத்தில் உட்குழிகள் குடைந்த கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே சிறு செம்புப் பாத்திரங்கள், மணிகள், உலோகத் தகட்டில் வெட்டிய சிற்றுருவங்கள். 1980-இல் அருங்காட்சியகம் அமைந்தது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் செங்கல் கட்டுமானங்களையும் வெளிக்கொண்டு வந்தார்கள்.

இந்த மண்ணைப் புரிந்துகொள்ள எத்தனை பேர் வேண்டும் என்று யோசிக்கலாம். கரித்துண்டின் காலத்தைக் கணிப்பவர், சீனப் பீங்கான் ஓட்டைப் பார்த்து நூற்றாண்டு சொல்பவர், பல்லவ எழுத்து வாசிப்பவர், அரபு நாட்டுக் கண்ணாடிச் சில்லை அடையாளம் காண்பவர், மலாய்க் கடலோர வாழ்க்கை அறிந்தவர், சோழர் செப்பேடுகளில் ‘கடாரம்’ எங்கெங்கே வருகிறது என்று தெரிந்தவர். எந்த ஒரு நாட்டிலும் இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இல்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போகிறார்கள். நம்மில் சிலர் கடாரம் முழுக்கத் தமிழர் சொத்து என்கிறார்கள். வேறு சிலர் இந்தியத் தொடர்பையே குறைத்துப் பேசுகிறார்கள். பல நாட்டு அறிஞர் கூடி ஆதாரத்தை மேசைமேல் வைக்கும் இடத்தில் இரண்டு பேச்சுக்கும் வலு குறைந்துவிடும், அது எல்லாருக்கும் நல்லது. அந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பல மொழிக்காரர்கள் வந்து போனார்கள். வரலாறும் பல மொழிக்காரர்கள் சேர்ந்து எழுத வேண்டியது.

2013-இல் அங்கே 11-ஆம் எண் கோயில், வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது இடிந்து போனது. அதைப் பற்றி எழுதியும் முழங்கியும் தீர்த்தோம். ஆனால் ஆய்வாளர்களின் நூல்களில் அந்தச் சின்னம் பல ஆண்டுகளாகப் பதிவாகியிருந்தது. அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது ஊராருக்குத் தெரியாமல் போனதுதான் அந்த இழப்பில் நம் பங்கு. பக்கத்துத் தோட்டத்து மக்கள் தங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று முன்பே அறிந்து, அதைத் தங்கள் சொத்தாக நினைத்திருந்தால், மண்வாரி இயந்திரம் உள்ளே நுழைந்த அன்றே யாராவது ஒருவர் கேட்டிருப்பார். பேராசிரியரின் உலகத் தொடர்பு ஊருக்குள் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குறை சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தரவரிசைக்காகவும் செயல்திறன் குறியீட்டுக்காகவும் (கேபிஐ) நடத்தப்படும் மாநாடுகள் இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் இருக்கின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிறகு ஒரு மாணவர்கூடப் போகாமலும் வராமலும் அது கோப்பிலேயே காலாவதியாவதும் உண்டு. போய் வந்தவர் ஒரு பக்க அறிக்கைகூட எழுதாமல் இருப்பது பொதுப்பணத்துக்குச் செய்யும் அநீதி என்றே நாங்கள் நினைக்கிறோம். இதைச் சொல்லும் அதே வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையாக உழைப்பவர்களுக்குப் பதவி உயர்வுக் கணக்கில் இந்த வேலை பெரிதாகச் சேர்வதில்லை. இரவு பதினொரு மணிக்கு வேறு நேர மண்டலத்தில் இருக்கும் சக ஆசிரியரோடு கணினித் திரையில் பேசுவதும், மாணவரின் விசாவுக்காகத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவதும், வந்து இறங்கிய வெளிநாட்டுப் பிள்ளைக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதும் எந்தப் படிவத்திலும் ஏறாதவை. நல்லவர்கள் களைத்து ஒதுங்கினால் அந்த இடத்துக்குப் படம் எடுத்துக்கொள்பவர்களே வருவார்கள்.

ஆகவே பல்கலைக்கழக நிர்வாகம் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்கி, அதைப் பணியாகவே மதிக்க வேண்டும். போய் வந்தவர் தவணைக்குள் ஒரு முறையாவது வளாகத்துக்கு வெளியே, மக்கள் புரிந்துகொள்ளும் மொழியில், தாம் கண்டதையும் செய்ததையும் சொல்ல வேண்டும் என்று விதி வைக்கலாம். தமிழறிந்த விரிவுரையாளருக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த எம். தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியது நமக்குத் தெரியும். தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பத்துமலைக்குக் கல்வி யாத்திரை அழைத்துப் போய், படிப்பை ஒரு நோன்பாகவே மாற்றிய இயக்கம் அது. பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர் லயத்து வீட்டுப் பிள்ளையிடமும் வர முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது. எல்லாரும் அந்த அளவுக்குச் செய்ய முடியாது. ஆண்டுக்கு ஒரு நாள் எல்லாராலும் முடியும்.

ஆனால் அழைக்காத வீட்டுக்கு யார் வருவார்? இந்த இடத்தில்தான் நம் கணக்குத் தொடங்குகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கூரை, மின்விசிறி, விளையாட்டுப் போட்டிச் சட்டை பற்றிப் பேசுகிறோம், தேவைதான். ஒரு விரிவுரையாளரை அழைத்து ஆறாம் ஆண்டு மாணவரோடு ஒரு மணி நேரம் உட்கார வைப்பது பற்றிப் பேசுவது அரிது. கோயில் நிர்வாகங்களிடம் மண்டபம் இருக்கிறது, சமையற்கட்டு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து ஏய்ம்ஸ்டிலோ வேறு கல்விக்கூடங்களிலோ படிக்கும் மாணவர்களைத் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு உட்காரவைத்துச் சோறு போடுவதும் அனைத்துலகக் கல்விதான். சூடானிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பிள்ளை நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனால், நம் வீட்டுப் பிள்ளைக்கு உலக வரைபடத்தில் அந்த நாடு உயிரோடு தெரியும். முன்னாள் மாணவர் சங்கங்களும் இதில் சேரலாம். ஹார்வர்ட் தோட்டத்துப் பள்ளியிலும் சுங்கை தோக் பாவாங் பள்ளியிலும் படித்தவர்கள் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். ஒன்றுகூடல் விருந்தோடு நில்லாமல், தங்கள் பழைய பள்ளிக்கு ஆண்டுக்கு ஓர் அறிஞரை அனுப்பிவைக்கும் செலவை அவர்கள் ஏற்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பினாங்கு குளுகோரில், 1967 முதல் தென்கிழக்காசியக் கல்வியமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணித மையமான ரெக்சாம் இயங்குகிறது. பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆசிரியர்கள் விமானம் ஏறி அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். நமக்குப் பாலம் தாண்டும் தூரம். அங்கே நடக்கும் பயிலரங்குக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் போக விரும்பினால், அவருக்கு மாற்றாக வகுப்பைப் பார்த்துக்கொள்ள சக ஆசிரியர் முன்வர வேண்டும். தலைமையாசிரியர் விடுப்புக்கு முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். 1952 முதல் 1962 வரை இங்கிலாந்தின் கெர்க்பியில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது. இந்த நாட்டின் மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஒன்றாகக் கப்பலேறிப் போய்ப் பயின்று வந்து நம் பள்ளிகளில் கற்பித்தார்கள். விடுதலைக்கு நாள் குறித்ததைத் துங்கு 1956-இல் அந்த மாணவர்கள் முன்தான் அறிவித்தார். ஏழை நாடு அன்று ஆசிரியர்களை இங்கிலாந்துக்கு அனுப்ப வழி கண்டது. இன்று நாம் பினாங்குக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.

அரசியல் கட்சிகளிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சி தொடங்கிய கல்விக்கூடம், எந்தக் கட்சி ஆளும் மாநிலம் என்று பார்த்து ஆதரிப்பதும் ஒதுக்குவதும் பிள்ளைகளைத்தான் அடிக்கிறது. செமிலிங் மலையடிவாரத்தில் படிக்கும் மாணவி எந்தக் கொடிக்கும் உரியவள் இல்லை. அவளுடைய பட்டம் உலகில் செல்ல வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது. இந்த ஒன்றிலாவது மேடை வேறுபாட்டை ஒதுக்கி வைக்கலாம்.

தொடங்குவதற்குப் பெரிய நிதி வேண்டாம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலம். அங்கே விடுமுறை சனியும் ஞாயிறும். ஆக, ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள விரிவுரையாளருக்கு ஓய்வு நாள், நம் பள்ளிகளிலோ வகுப்பு நடக்கும் நாள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பினாங்கின் மற்றக் கல்விக்கூடங்களிலும் பணியாற்றும் நம்மவர்கள் தங்கள் வேலை நாள் ஒன்றைக்கூட இழக்காமல் ஞாயிறு காலை இங்கே வந்து போகலாம். கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு வந்திருப்பவர்களும் திரும்பும் வழியில் நிற்கலாம். பள்ளித் தவணை தொடங்குமுன் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும். எந்த ஞாயிறு, எந்த வகுப்பு, என்ன தலைப்பு, பேச்சு தமிழிலா மலாயிலா, பயணச் செலவை ஏற்பது கோயில் நிர்வாகமா முன்னாள் மாணவர் சங்கமா என்று அதில் தெளிவாக எழுதிவிட வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு படி. அதே கடிதத்தில், பேச்சு முடிந்த அடுத்த மாதம் மாணவர்களைப் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் பேருந்துக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதிச் சேர்க்கலாம்.